படபடப்பு வந்தால் நம்பிக்கை குறைந்துவிட்டதா?

அய்யா துணை



எங்கள் தாங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு நடந்துகொண்டிருந்தது. தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, எல்லோரும் கைகூப்பி நின்று படித்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் நின்ற ஒரு தம்பி திடீரென்று படிப்பை நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களை விலக்கிவிட்டு வெளியே ஓடினான். படிப்பு முடிந்து நான் போய்ப் பார்த்தபோது தென்னை மூட்டில் குந்தியிருந்தான். சட்டையில்லாத உடம்பெல்லாம் வியர்வை. கைவிரல்கள் மடங்கி விறைத்திருந்தன.

அவன் வீட்டார் ஏற்கெனவே ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அய்யாவை முழுசா நம்பு மக்களே. நம்புறவனுக்கு ஏது பயம்?" என்றேன். அவன் தலையாட்டினான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்று மாதம் தாங்கல் பக்கமே அவனைக் காணோம்.

பிறகு நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, படிக்கும்போது கண்ணாடியில என் முகத்தைப் பாத்தேன். பேயறைஞ்ச மாதிரி இருந்திச்சு. அய்யா உனக்குள்ள இருக்காருன்னு சொல்லுவீங்க. அப்பம் இந்தப் பயத்துக்குள்ளயா இருக்காரு? இல்ல, பயம் வந்ததும் விட்டுட்டுப் போயிட்டாரா? நம்பிக்கை இருந்தா பயம் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குத்தான் வருதே. அப்பம் எனக்கு நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்? நம்பிக்கை இல்லாதவன் எதுக்கு அங்க வந்து நிக்கணும்?"

அவன் கணக்கில் தவறில்லை. நான் கொடுத்த முதல் வரி தவறு. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஏனென்றால் அவனைப் போல நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம் என்னைப் போலப் பேசுகிறவர்களும் பலர் இருக்கிறோம்.

முதலில் அந்தத் தம்பிக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறான். முந்தின நாள் ராத்திரி தூக்கமில்லை, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கட்டன்சாயா குடித்திருந்தான். கூட்டத்தில் மூச்சு முட்டுவது போலிருந்தது. நெஞ்சு அடித்தது. 'செத்துவிடுவேன்' என்று தோன்றிய மறுகணம் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. வழியில் இறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஈசிஜி எடுத்து, "ஒண்ணுமில்ல, கேஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பஸ் என்றாலே அவனுக்கு வெப்ராளம். பஸ்ஸை விட்டான். பிறகு சந்தைக் கூட்டத்தை விட்டான். கல்யாண வீடுகளை விட்டான். கடைசியில் தாங்கலையும் விட்டான். இருபத்தாறு வயதுப் பையனுக்குப் போகக்கூடிய இடமாக வீட்டின் பின்பக்கத் திண்ணை மட்டும் மிஞ்சியது.

இதை டாக்டர்கள் பதற்றத் தாக்குதல் என்கிறார்கள். நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. பாம்பு குறுக்கே வந்தால் யோசிக்காமல் துள்ளிக் குதிக்கிறோமே, அது அந்தக் காவலின் வேலை. அப்போது அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்க்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. பாம்பு இருக்கும்போது இது உயிரைக் காக்கும். பாம்பு இல்லாதபோதும் சிலருக்கு இந்தக் காவல் எழுந்துவிடுகிறது. வீட்டு நாய் ராத்திரியில் தென்னை ஓலை விழுந்தாலும் குரைப்பது போலத்தான். ஓலைக்குக் குரைத்ததால் அந்த நாய்க்கு எசமான் மேல் விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துவிடும். அதனால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை சுற்றும், கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். நெஞ்சுத் தசைகள் இறுகுவதால் அங்கே வலியும் வரலாம். இதையெல்லாம் மனம் பார்த்துவிட்டு, 'இது சாவுதான்' என்றோ, 'எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது' என்றோ முடிவுகட்டுகிறது. அந்த முடிவைக் கேட்டு உடம்பின் காவல் இன்னும் பலமாகக் குரைக்கிறது. பயம் உடம்பைத் தூண்ட, உடம்பு பயத்தைத் தூண்ட, பெரும்பாலும் ஒரு 10 நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு தானாகவே இறங்கிவிடுகிறது. இறங்கியே தீரும், உடம்பால் அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட முடியாது. அந்தத் தாக்குதலால் ஆள் சாவதில்லை, பைத்தியமும் பிடிப்பதில்லை. ஆனால் அதை அனுபவிக்கிறவனுக்கு அது சாவைப் போலவே இருக்கும் என்பதை மற்றவர்கள் மறந்துவிடக்கூடாது. "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தை இதயத்துக்குத்தான் பொருந்தும். அந்த ஆளுக்குப் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதன்முறையாக நெஞ்சுவலி வரும் எவரையும், "இது வெறும் பயம்" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அதிலும் வயதானவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறவர்கள் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை திடீரென்று குறைந்தாலும் இதேபோன்ற படபடப்பு வரும். அவற்றைப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்சு.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அய்யாவை நம்புகிறவனுக்குப் பயம் வரலாமா?

அய்யா நம்மை யாருக்கும் அஞ்சாமல் மானத்தோடு வாழச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எந்தப் பயத்தைப் போக்க வந்தார் என்று யோசிக்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோர் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். தலைக்கு வரி, கூலியில்லாத ஊழியம், மேலாடை போடத் தடை, தலைப்பாகை கட்டத் தடை, இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு. பெண்கள் தோளில் சீலை போட்டுக்கொள்ள மன்னரின் அனுமதி வர 1859 வரை ஆயிற்று. அந்தப் பயம் ஒருவனுடைய நெஞ்சுக்குள் தானாகப் பிறந்ததல்ல. மேலே இருந்தவர்கள் வைத்த பயம் அது. அதற்குப் பணிந்து பணிந்து, தான் தாழ்ந்தவன்தான் என்று ஒருவன் தன் மனதிலேயே ஒப்புக்கொண்டான் பாருங்கள், அந்த ஒப்புதலைத்தான் அய்யா உடைத்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தன் முன் நிற்கச் செய்தார். எல்லோரும் ஒரே முத்திரிக்கிணற்றில் பதமிடும்படி செய்தார்.

முதல் நாள் தலைப்பாகை கட்டிக்கொண்டு தெருவில் நடந்த ஒரு பனையேறியை நினைத்துப் பாருங்கள். எதிரே சேவகன் வருகிறான். அந்த மனிதனுக்கு நெஞ்சு படபடக்காமலா இருந்திருக்கும்? உள்ளங்கை வியர்க்காமலா இருந்திருக்கும்? நிச்சயம் படபடத்திருக்கும். அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். அவன் உடம்பும் நம் உடம்பைப் போன்ற உடம்புதான். ஆனால் அவன் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. அவன் நம்பிக்கை இருந்த இடம் அந்தத் தலைப்பாகை. நெஞ்சு எத்தனை தரம் அடித்தது என்பதில் அது இருக்கவில்லை.

அச்சம் வேறு, அடிபணிவு வேறு. அச்சம் உடம்பில் எழுகிறது, நம்மைக் கேட்டு எழுவதில்லை. பசி எழுவது போல, தும்மல் வருவது போல. அதற்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிபணிவு நாம் செய்வது. பயம் போகச் சொன்ன இடத்துக்குப் போவதும், போகாதே என்று சொன்ன இடத்தை விட்டுவிடுவதும் அடிபணிவு. ஒருவனை நல்லவன், நம்பிக்கையுள்ளவன் என்று அளக்க வேண்டுமானால் அவனால் ஆவதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அவனால் ஆகாததைக் கொண்டு அளப்பது தர்மமாகாது. இதைச் சொல்லப் பெரிய சாஸ்திரம் வேண்டாம், வீட்டில் பிள்ளை வளர்க்கிற எந்தத் தாய்க்கும் தெரியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அவதாரத்துக்கு முன், முடிசூடும் பெருமாள் என்றும் முத்துக்குட்டி என்றும் அழைக்கப்பட்ட அந்தத் திருமேனி நோவுற்றுக் கிடந்தது. நடக்க இயலாத நிலையில் அன்னையும் மற்றவர்களும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனார்கள். அங்கேதான் 1833-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கடலுக்குள் போனதும், மூன்றாம் நாள் வைகுண்டராய் எழுந்து வந்ததும். அந்த நோவை அகிலத்திரட்டு மறைக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய சேதியாகச் சொல்லவும் இல்லை. உடம்பு என்று ஒன்றை எடுத்தால் நோவும் உண்டு என்பது நம் ஏட்டிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, நோவு வந்தவனைப் பார்த்து, "உனக்கு அய்யாமேல் நம்பிக்கை போதாது" என்று சொல்ல நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? அந்தத் தம்பிக்கு முதலில் ஒரு பாரம்தான் இருந்தது. இரண்டாவது பாரத்தை ஏற்றி வைத்தது நான்.

அவன் தாங்கலுக்கு வராத அந்த மூன்று மாதத்தில் வீட்டார் சும்மா இருக்கவில்லை. கைவிஷம் என்று ஒருவர் சொன்னார். சுடுகாட்டு வழியாக நடந்ததால் எதுவோ கூடியிருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். ஒரு மந்திரவாதியிடம் போய்ப் பணத்தைக் கொடுத்து, சரடு ஜெபித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். காலையில் அய்யாவின் நாமம் இட்டுவிட்டு, மத்தியானம் மந்திரவாதி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு இதைவிட வருத்தமான காட்சி வேறில்லை. அய்யா பேய்களை எரித்ததையும், மந்திர வித்தைகள் அவர் முன் அடங்கியதையும் ஏடு வாசிப்பில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எரித்தது எரித்ததுதான். எரிந்துபோன ஒன்றுக்கு மறுபடியும் உயிர் கொடுத்து, அதை ஒரு நோவாளிப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அய்யாவின் வேலையை அழிக்கிற வேலை. ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கிற ஒருவனிடம் "உன்மேல் பேய் இருக்கிறது" என்று சொன்னால் அவன் உடம்பின் காவல் இன்னும் எத்தனை பலமாகக் குரைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்து பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. "அய்யா மண்ணும் தண்ணீரும் தந்து தீராத நோய் தீர்த்தாரே, அவர் பிள்ளைகளுக்கு மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிறவரில் பலர் காலையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுவிட்டுத்தான் பதிக்கு வருகிறார்கள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை, போட வேண்டியதுதான். கணையம் பழுதானால் மாத்திரை போடலாம், மூளையின் காவல் பழுதானால் மட்டும் போடக்கூடாது என்று பிரிப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன். அய்யா உடம்பைப் பொருட்படுத்தாதவர் அல்லர். துவையல் தவசில் எழுநூறு குடும்பங்களை வாகைப்பதியில் வைத்து, தினமும் கடலில் குளித்து, துணி துவைத்து, ஒழுங்காக உண்டு வாழப் பழக்கியவர் அவர். உடம்பின் சுத்தமும் ஒழுங்கும் அவருக்குத் தவத்தின் ஒரு பாகமாகவே இருந்தன.

மனநல மருத்துவர்கள் இதற்கு இரண்டு வழியில் உதவுகிறார்கள். ஒன்று மாத்திரை. அது போட்ட அன்றே வேலை செய்வதில்லை, சில வாரங்கள் எடுக்கும். தொடக்கத்தில் கொஞ்சம் அசௌகரியமும் இருக்கலாம். பலர் அந்த முதல் வாரங்களிலேயே நிறுத்திவிட்டு, பிறகு மருந்தைக் குறை சொல்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. மற்றொன்று பேச்சு வழி சிகிச்சை. பயந்து விட்டுவிட்ட இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போக அதில் பழக்குகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்று அரசு 2022-இல் தொடங்கியது. காசில்லை, தமிழிலேயே பேசலாம். சாராயத்தில் ஆறுதல் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குடித்த ராத்திரி படபடப்பு அடங்கியது போலிருக்கும், மறுநாள் காலை இரட்டிப்பாய்த் திரும்பி வரும்.

எல்லாப் பயத்தையும் மாத்திரைக்குள் அடக்கிவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனின் காலடிச் சத்தம் கேட்டு ஒரு பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால், அங்கே உடம்பின் காவல் சரியாகத்தான் வேலை செய்கிறது. வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது வரும் பதற்றமும் அப்படியே. அங்கே அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போனால் அது அநியாயம். அடிக்கிறவனைப் போய்த் தடுக்க வேண்டும். எது காரணமுள்ள பயம், எது ஓலைக்குக் குரைக்கிற பயம் என்று பிரித்தறிய, கேட்கிற காது வேண்டும். நமக்கு உபதேசம் சொல்லத்தான் அவசரம்.

இனி, படபடப்பு வரும்போது என்ன செய்வது?

அந்த நேரத்தில் பெரிய தத்துவம் எதுவும் உதவாது. முடிந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள். மூச்சை இழுப்பதில் அல்ல, விடுவதில் கவனம் வையுங்கள். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக, உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவது போல விடுங்கள். பாதம் தரையில் இருப்பதை உணருங்கள். 'இது வந்திருக்கிறது, ஏறும், இறங்கும்' என்று உங்களுக்கே சொல்லுங்கள். அதை விரட்ட முயலாதீர்கள், விரட்டுவதும் சண்டைதான், சண்டை என்றால் உடம்பு இன்னும் ஆயத்தமாகும். ஓடாமல் ஒருமுறை இருந்து பார்த்தவனுக்கு, ஓடாமலும் அது இறங்கும் என்பது தெரிந்துவிடுகிறது. ஓடியவனுக்கு அது ஒருநாளும் தெரியப் போவதில்லை, ஓடியதால்தான் பிழைத்தேன் என்றே நினைப்பான். இப்படித்தான் பஸ் போய், சந்தை போய், கடைசியில் பின்பக்கத் திண்ணை மட்டும் மிஞ்சுகிறது.

நாம் பொறுமை என்று சொல்வது எதை என்று எனக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் விளங்கியது. பொறுமை என்றால் பிறர் செய்யும் தீங்கைத் தாங்குவது என்று மட்டும் நினைத்திருந்தேன். தன் உடம்பு செய்யும் அமளியைக் கோபிக்காமல், அதோடு ஒரு 10 நிமிடம் உட்கார்ந்திருப்பதும் பொறுமைதான். வடக்கு வாசலில் ஆறு வருடம் தவமிருந்தவரின் பிள்ளைகளுக்கு இந்த 10 நிமிடம் ஒரு சின்னத் தவசு என்று எடுத்துக்கொள்ளலாம்.

"அய்யா சிவ சிவ" என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம். நீட்டிச் சொன்னால் மூச்சும் தானாக நீண்டு வெளியே போகும், அது உடம்புக்கும் நல்லது. ஆனால் இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது, அந்தத் தம்பியிடமிருந்துதான் நான் அதைக் கற்றேன். அவன் படபடப்பு வரக்கூடாது என்று எண்ணி எண்ணி உச்சரித்துக்கொண்டே இருந்தான். நூற்றியெட்டு சொன்னால் வராது என்று தானே ஒரு கணக்கு வைத்தான். எண்ணிக்கை தவறினால் திரும்ப முதலிலிருந்து. கொஞ்ச நாளில் எண்ணிக்கை தவறிவிடுமோ என்பதே புதிய பயமாகிவிட்டது. அய்யாவின் நாமம் அவனுக்கு இன்னொரு சரடாகிவிட்டது, மந்திரவாதி கட்டிய சரடு கையில், இது நாக்கில்.

அய்யா தம் பதிகளில் காணிக்கை கூடாது என்றார். கைக்கூலி கேட்கிற தெய்வம் தாம் அல்ல என்று காட்டினார். நாம் உண்டியல் வைக்காமல் இருந்தால் அந்தச் சொல்லைக் காத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். "இத்தனை தரம் உன் பேரைச் சொல்கிறேன், நீ என் படபடப்பை நிறுத்து" என்பதும் காணிக்கைதானே? காசுக்குப் பதில் வார்த்தையைப் போடுகிறோம், அவ்வளவுதான். பேரம் பேசுகிறவனுக்கு எப்போதும் சந்தேகம் இருக்கும், கொடுத்தது போதுமா, சரக்கு வருமா என்று. பேரமில்லாமல் சொல்லிப் பாருங்கள். படபடப்பு நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, நீ இங்கே இருக்கிறாய், நானும் இங்கே இருக்கிறேன் என்று. இப்படிச் சொன்னால் படபடப்பு சீக்கிரம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் பேரமாகிவிடும்.

கூட இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இப்படி வந்தால் பத்துப் பேர் சூழ்ந்து நிற்காதீர்கள். கன்னத்தில் தட்டாதீர்கள், முகத்தில் தண்ணீரை அடிக்காதீர்கள். "தைரியமா இரு" என்று அதட்டாதீர்கள், இருக்க முடிந்தால் இருந்திருப்பார். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். தாழ்ந்த குரலில், "நான் கூட இருக்கேன், இது இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு, உங்கள் மூச்சை நீங்கள் மெதுவாக விடுங்கள். அதைப் பார்த்து அவர் மூச்சும் மெதுவாகும். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கி எழுப்புவதே தர்மம் என்றல்லவா நமக்குச் சொல்லியிருக்கிறார்? நாம் அதை ஏழைக்குச் சோறு போடுவது என்று மட்டும் எடுத்துக்கொண்டோம். அன்னதர்மம் பந்தியில் நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளியே தென்னை மூட்டில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்துதான் கிடந்தான்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் பயத்துக்குள்ளயா அய்யா இருக்கார் என்று கேட்டானே.

பள்ளியறையில் அய்யா உருவம் வைக்கவில்லை. கண்ணாடி வைத்து, முன்னால் விளக்கு வைக்கிற முறைதான் நமக்கு. வருகிறவன் எந்த முகத்தோடு வருகிறானோ அந்த முகம்தான் அதில் தெரியும். தெளிந்த முகமாக இருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. அழுத முகம் வந்திருக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்த முகம் வந்திருக்கிறது, கடன்பட்ட முகம் வந்திருக்கிறது. கண்ணாடி எதையும் திருப்பி அனுப்பியதில்லை. பேயறைந்தது போலிருந்த அந்த முகத்துக்கு முன்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் பயத்தைப் பார்த்தான், விளக்கைப் பார்க்கவில்லை. அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை, நெஞ்சு அந்த வேகத்தில் அடிக்கும்போது யார் கண்ணுக்கும் விளக்கு தெரியாது. விளக்கு உண்டு என்பதை அவனுக்காகப் பக்கத்தில் நிற்கிறவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு நான் அதைப் பார்க்காமல் அவனுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

இதை அவனிடம் சொன்னேன். என்னை மன்னிக்கும்படியும் கேட்டேன். வயதில் மூத்தவன் கேட்கவே அவன் சங்கடப்பட்டு எழுந்து நின்றுவிட்டான். பிறகு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனது அவனுடைய அக்காதான், நான் துணைக்குப் போனேன், அவ்வளவே. சரடை அவனே அறுத்தான்.

திரும்ப வந்தபோது முதலில் தாங்கலின் வாசலுக்கு வெளியே நின்றான். அடுத்த ஞாயிறு உள்ளே, கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. படிப்பின் நடுவில் ஒருமுறை அவன் கை நடுங்குவதைப் பார்த்தேன். வெளியே போவான் என்று நினைத்தேன். உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு நின்றான். போகவில்லை. இன்னொரு ஞாயிறு போனான், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். பஸ்ஸில் இப்போது தோட்டியோடு வரைக்கும் போய்வருகிறான். திருவனந்தபுரம் இன்னும் ஆகவில்லை. மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை.

போன கார்த்திகையில் எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தது. அவனுக்கு நல்ல குரல். ஒருநாள் ராத்திரி வாசிக்க அவனை உட்கார்த்தினோம். எதிரே ஏறக்குறைய அறுபது பேர் இருந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் குரல் கம்மியது. கை நெஞ்சுக்குப் போனது. ஏட்டின் மேல் விரலை வைத்தபடி நிறுத்தினான். முன்னால் இருந்த ஒரு பாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், பக்கத்தில் இருந்தவர் அவர்கள் கையைத் தொட்டு நிறுத்தினார். யாரும் எழவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். நேரம் எவ்வளவு போயிற்று என்று பார்க்கவில்லை. அவன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, விரல் வைத்திருந்த வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.

அய்யா உண்டு